தராவா 1943: 16 பக்கப் படப் புத்தகம், இதுவரை

பசிபிக் போரில் ஒரு தீவுச் சண்டையைச் சின்னப் புத்தகத்தில் அடக்க வேண்டுமென்றால் தராவா பவளத்தீவுக் கூட்டத்தின் பெட்டியோ தீவு தோதானது. நீளம் சுமார் 3 கிலோமீட்டர், அகலமான இடத்தில்கூட முக்கால் கிலோமீட்டர்தான். 1943 நவம்பர் 20 முதல் 23 வரை, ஜப்பானியர் பிடியில் இருந்த தீவை அமெரிக்க மரைன் படை கைப்பற்றிய, 76 மணி நேரத்தில் முடிந்த சண்டை. ஏ4 தாள் நான்கை மடித்து நடுவில் பின் அடித்தால் ஏ5 அளவில் 16 பக்கம். முதலில் வெறும் தாளில் டம்மி மடித்துப் பக்க எண் போட்டுவிட வேண்டும். வெளித்தாளில் 16-ம் 1-ம் அருகருகே வரும், அதன் பின்புறம் 2-ம் 15-ம். ஒரே தாளில் தொடர்ச்சியாக விரிவது 8-9 மட்டுமே. பெரிய வரைபடத்துக்கு வேறு இடம் தேடாதீர்கள்.

அங்கே 1:12,500 அளவு சரியாக உட்கார்கிறது. தீவு 24 செ.மீ., வடக்கே காயலுக்குள் நீளும் ஜெட்டி 3.7 செ.மீ. மூல ஆவணங்களில் எல்லாம் கெஜக் கணக்கு, 500 கெஜம் என்றால் 457 மீட்டர். அதை 500 மீட்டராகப் போட்டால் ஜெட்டி, தீவைச் சூழ்ந்த பவளப் பாறைத்திட்டின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். தீவைச் சரியாக நடுவில் வைத்தால் சண்டையின் மையமான ஜெட்டிப் பகுதி மடிப்பை நெருங்கும். ஒரு செ.மீ. இடப்புறம் தள்ளினால் ரெட் 1, ரெட் 2 என்ற தரையிறங்கு கரைகள், ஜெட்டி எல்லாம் இடது பக்கத்தில் தெளிவாக நிற்கும். இன்றைய செயற்கைக்கோள் படத்தை அப்படியே படியெடுப்பது வேண்டாம். பெட்டியோவைப் பக்கத்துத் தீவோடு சேர்க்கும் கடல்சாலை 1980-களில் வந்தது.

நேரம் அதிகம் தின்பது 6-ம் பக்கத்தின் குறுக்குவெட்டுப் படம். ஆனால் அது இல்லாமல் இந்தச் சண்டையே புரியாது. வீரர்களைக் கரையிறக்கும் எல்சிவிபி படகுக்கு, ஆள் ஏற்றிய நிலையில், சுமார் நான்கு அடி தண்ணீர் வேண்டும். அன்று பாறைத்திட்டின் மேல் மூன்று அடிதான், பல இடங்களில் அதுவும் இல்லை. அரைநிலா நாள், நிலவும் பூமிக்குத் தொலைவில், ஏற்றவற்றம் மிகச் சுருங்கிய நேரம். அந்தத் தீவுகளில் பல காலம் வாழ்ந்த மேஜர் ஹாலண்ட் இதை முன்பே எச்சரித்திருந்தார். சங்கிலித் தடத்தில் நீரிலும் நிலத்திலும் ஓடும் எல்விடி வண்டிகள் 125 இருந்தன. தாக்குதலின் முதல் மூன்று அலைகளில் 42, 24, 21 என 87 வண்டிகள் திட்டைத் தாண்டக் கிளம்பின, பெரும்பாலானவை கரையேறின. படகில் வந்தவர்கள் திட்டு விளிம்பில் இறங்கி, குண்டுமழையில் நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீரில் நடந்தார்கள்.

இதை வரைய, கிடைமட்டம் 1:5,000, உயரம் 1:50. அப்போது 600 மீட்டர் திட்டு 12 செ.மீ., நான்கு அடி தண்ணீர் 2.4 செ.மீ. கரையில் தென்னந்தடிச் சுவரும் சுமார் நான்கு அடிதான், அதே உயரத்தில் வரும். சிக்கல் படகில். 11 மீட்டர் படகு இந்த அளவில் 2 மி.மீ. நீளத்தில் கோபுரமாக எழும்பி நிற்கும். படகையும் ஆளையும் இதற்குள் திணிக்காமல், ஓரத்தில் தனிக் கட்டத்தில் உண்மை விகிதத்தில் வரைந்துவிட்டு, ‘உயரம் 100 மடங்கு பெருக்கப்பட்டது’ என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். கீழே எழுதினால் யாரும் படிப்பதில்லை.

ஓவியங்களில் அடிக்கடி பார்க்கும் தவறு, எல்விடி-யின் பின்கதவு திறந்து வீரர்கள் ஓடி வருவது. பெட்டியோவில் இருந்த எல்விடி-1, எல்விடி-2 இரண்டிலும் பின்கதவு கிடையாது. பக்கவாட்டில் ஏறிக் குதித்தார்கள், அப்போதுதான் பலர் சுடப்பட்டார்கள். தீவில் ஜப்பானியர் வைத்திருந்த எட்டு அங்குல பீரங்கிகள் நான்குக்கும் ‘சிங்கப்பூரில் பிடித்தவை’ என்று தலைப்பு போடுவதும் இன்னும் ஓயவில்லை. அவை ஜப்பான் ரஷ்யாவோடு மோதிய காலத்தில் விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கியவை.

அமெரிக்க ராணுவப் படப்பிடிப்பாளர்கள் எடுத்த படங்களுக்குப் பதிப்புரிமைத் தொல்லை இல்லை. ஆவணக்காப்பகப் பிரதியையே எடுங்கள். அச்சான புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்தால் அச்சுப் புள்ளியும் ஸ்கேனின் புள்ளியும் மோதி அலை அலையாகக் கோடு விழும். 300 டிபிஐ போதும். தாள் 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. ஆர்ட் பேப்பரில் கறுப்பு நன்றாக வரும், ஆனால் கையால் மடிக்கும்போது மடிப்பில் மை வெடிக்கிறது. நான்கு தாளை மடித்தால் நடுத்தாள் சற்று வெளியே பிதுங்கும், வெட்டும்போது அதன் ஓரம் போகும். ஆகவே 8-9-ல் எழுத்து எதுவும் வெளி ஓரத்துக்கு 8 மி.மீ.க்குள் வரக்கூடாது.

12 பக்கம் முடிந்தது. பாக்கியில் 14-ம் பக்கம்தான் கடினம். சுமார் 4,500-க்கு மேற்பட்ட காவற்படையில் உயிரோடு பிடிபட்ட ஜப்பானியர் 17, கொரியத் தொழிலாளர் 129. அமெரிக்கத் தரப்பில் ஆயிரத்துக்கு மேல் சாவு. பட்டை வரைபடமாகப் போட்டால் 17 கண்ணுக்கே தெரியவில்லை. இப்போதைக்கு ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி என்று முழுப் பக்கத்திலும் இட்டுப் பார்க்கிறோம். புள்ளிக்கு 1 மி.மீ., இடைவெளி அரை மி.மீ. வைத்தால் எல்லாம் அடங்குகிறது.