அம்மாவின் சோளக் கடைக்கு வங்கிக் கடன் கிடைத்த அனுபவம்

உதகை காந்தலில் வசிக்கும் என் அம்மா, தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையில் இருபது ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் சோளம் சுட்டு விற்கிறார். ஏப்ரல், மே சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஜூன், ஜூலை மழைக்காலத்தை ஓட்டியாக வேண்டும். ஆனால் சீசனுக்கு முன்பு சோளமும் அடுப்புக்கரியும் வாங்க ஒவ்வோர் ஆண்டும் தண்டல்காரரிடம்தான் போய் நின்றோம். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பார்; நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாளில் முழுவதையும் வசூலித்துவிடுவார். வண்டியே எடுக்க முடியாத மழை நாளிலும் வாசலில் வந்து நிற்பார்.

தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் சொத்து ஈடு இல்லாமல் முதலில் 10,000 ரூபாய் (அப்போதிருந்த அளவு) கடனாகக் கிடைக்கும், தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் வங்கிக் கணக்கில் சேரும் என்று அறிந்து, 2023 ஜனவரியில் முயற்சியைத் தொடங்கினோம். வியாபாரிகள் கணக்கெடுப்பின்போது அம்மா காலில் அடிபட்டுப் படுத்திருந்ததால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அப்படி விடுபட்டவர்கள் உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதம் கைக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று.

அதைவிடப் பெரிய தடை அம்மாவின் விரல்கள். தணலில் சோளத்தைத் திருப்பித் திருப்பிக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. விண்ணப்பத்துக்காக ஆதாரைச் சரிபார்க்கும் கைரேகைக் கருவியில், சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து ஆறு முறை விரலை வைத்தும் அது ஏற்கவில்லை. உழைத்துத் தேய்ந்த விரலே உழைப்பவருக்குக் கிடைக்க வேண்டிய கடனை மறித்தது எனக்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்தது. ஓ.டி.பி. வழியாகச் செய்யலாம் என்றால், ஆதாரில் இருந்ததோ எப்போதோ கைவிட்ட கைபேசி எண். ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவைக் கொண்டு எண்ணை மாற்றிய பிறகே விண்ணப்பம் பதிவாயிற்று.

வங்கியில் ஈடு கேட்டார்கள். சொத்து ஈடு வேண்டியதில்லை என்ற திட்ட விதியை அச்செடுத்துக் காட்டினேன். மேலாளர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஏப்ரல் முதல் வாரத்தில் பணம் வந்தது.

மாதத் தவணை 1,000 ரூபாய்க்கும் குறைவுதான். இருந்தாலும் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை என்பது சீசனை நம்பிப் பிழைக்கும் மலை ஊருக்குப் பொருந்தாது. மழைக்காலத்தில் குறைத்து, சீசனில் கூட்டி வாங்கினால் யாருக்கும் நட்டமில்லை. அம்மா ஜூலைத் தவணையை மே மாதமே அரிசி டப்பாவில் ஒதுக்கி வைத்திருந்தார்.

2024 ஜனவரியில், பக்கத்தில் வேர்க்கடலை விற்கும் அக்காவுக்கு விண்ணப்பம் போடப் போனபோது, முதல் வேலையாக அவருடைய ஆதாரில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்றுதான் பார்த்தோம்.