ஸ்மித்தைத் திரும்ப ஆடவிட்ட ஐந்து நிமிடங்கள்

தலையில் அடிபட்ட ரக்பி வீரர் ஜார்ஜ் ஸ்மித்தை அன்று மறுபடி ஆடவிட்டது சரியா? மைதானத்தோர மருத்துவம் தெரிந்த எனக்கு இன்றும் இதில் ஒரே பதில் நிற்பதில்லை.

2013 ஜூலை 6, சிட்னி, பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸுடன் மூன்றாவது டெஸ்ட். ஆஸ்திரேலியாவுக்காக ஸ்மித் ஆடிய 111ஆவது ஆட்டம் அது. தொடங்கிய சில நிமிடங்களில் லயன்ஸ் வீரர் ரிச்சர்ட் ஹிப்பர்டின் தலையோடு தலை மோதி விழுந்தார். எழுந்தவருக்குக் கால் தரிக்கவில்லை. பிடித்துத்தான் வெளியே அழைத்துப் போனார்கள். ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்துவிட்டார்.

விதி அதற்கு இடம் கொடுத்தது. அப்போது சோதனை முயற்சியாக இருந்த முறையில், தலையில் அடிபட்டவரைச் சோதிக்க மருத்துவருக்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தீர்களா என்று கேட்பார்கள். சமநிலையும் பார்ப்பார்கள். சொன்ன சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்ல முடிகிறதா என்பதுதான் மூளை அதிர்ச்சியை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். அதற்கே குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு.

அதனால் அந்த மருத்துவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சோதனையில் தேறிவிட்டவரை எதைச் சொல்லி நிறுத்துவது?

அந்தத் தள்ளாட்டத்தைச் சொல்லியே நிறுத்தியிருக்கலாம். சந்தேகம் இருக்கும்போதுதான் சோதனை. ஸ்மித் விஷயத்தில் சந்தேகத்துக்கு என்ன இருந்தது? அயர்லாந்துக்கு ஆடிய மருத்துவர் பேரி ஓ'டிரிஸ்கால் இந்த ஐந்து நிமிட முறையை எதிர்த்து, உலக ரக்பி அமைப்பின் மருத்துவ ஆலோசனைப் பொறுப்பிலிருந்து 2012லேயே விலகியிருந்தார். எச்சரிக்கை இல்லாமல் நடந்ததல்ல இது.

இப்போது சமநிலை இழந்தது வீடியோவில் தெரிந்தாலே போதும், கேள்வி எதுவும் கேட்காமல் ஆட்டத்திலிருந்து நீக்குகிறார்கள். மற்றவர்களுக்கான சோதனை நேரம் முதலில் 10 நிமிடமாகவும் பிறகு 12 ஆகவும் கூடியது. ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் ஒரு சோதனை, 36 முதல் 48 மணி நேரத்துக்குள் இன்னொன்று.

ஸ்மித் 2019 வரை ஆடினார், கடைசியாக இங்கிலாந்தின் பிரிஸ்டல் அணிக்கு. ஒன்றும் ஆகவில்லையே என்று இதை வைத்து வாதிடுபவர்களை நான் ஏற்பதில்லை. ஆனால் இன்றைய முறையையும் முழுதாக நம்ப முடியவில்லை. சீசனுக்கு முன் எடுக்கும் அடிப்படைச் சோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவைக்கும் வீரர்கள் உண்டு. அடிபட்ட பிறகு எடுக்கும் மதிப்பெண் அதோடுதான் ஒப்பிடப்படுகிறது. கேமராவில் தள்ளாட்டம் பதியாவிட்டால், அப்படிப்பட்டவர் 12 நிமிடத்திலும் தேறி உள்ளே போவார்.