அலமாரியில் தொடங்கும் வேலை

இசையமைப்பாளர்கள் விட்டுச்சென்ற காகிதங்களைப் பட்டியலிடுவது என் வேலை. பெட்டிகள் வந்திறங்கியதும் புதியவர்கள் கையெழுத்துப் படிகளைத்தான் தேடுவார்கள். நான் புத்தகங்களில் ஆரம்பிப்பேன். அட்டை பளபளப்பாக இருப்பவை பெரும்பாலும் யாரோ பரிசளித்தவை. முதுகு பிய்ந்து, ஓரத்தில் பென்சில் கோடுகளோடு கிடப்பவைதான் அவர் உழைத்த புத்தகங்கள். பேட்டிகளில் "என்னை உருவாக்கியவர்" என்று ஒருவர் சொன்ன மேதையின் நூல், ஒட்டியிருந்த பக்கங்கள்கூட வெட்டிப் பிரிக்கப்படாமல், படிக்கப்படாமலே கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ். தன் வரைவுகளைப் பெரும்பாலும் எரித்துவிட்டார். அதே மனிதர் பேத்தோவனின் வரைவுத் தாள்களைத் தேடி வாங்கிச் சேர்த்தார்! மோட்சார்ட்டின் 40-ஆவது சிம்பொனியின் கையெழுத்துப் படியும் அவரிடம் இருந்தது. அந்தச் சேகரிப்பு இப்போது வியன்னாவின் இசை நண்பர்கள் சங்கத்தில் இருக்கிறது. இரண்டு குரல்கள் ஐந்தாம் அல்லது எட்டாம் சுர இடைவெளி மாறாமல் சேர்ந்தே நகரக் கூடாது என்பது பாடநூல் விதி. பெரிய மேதைகள் அதை மீறிய இடங்களைத் தன் நூலகத்திலிருந்து பொறுக்கியெடுத்து எழுதிவைத்திருந்தார் பிராம்ஸ். 1897-இல் அவர் இறந்தார்; 1933-இல் இசைக் கோட்பாட்டாளர் ஷெங்கர் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தார். விதியை மீறத் துணிவதற்கு முன் எவ்வளவு படித்திருக்கிறார் என்று அதில் தெரிகிறது. எரிந்துபோன தாள்கள் இந்த அளவுக்குச் சொல்லியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பேத்தோவன் நேர் எதிர்; எதையும் தூக்கிப்போட மனம் வராதவர். மேசைக்குப் பெரிய நோட்டு, நடக்கப் போகும்போது சட்டைப்பைக்குச் சின்ன நோட்டு. 1827-இல் அவர் இறந்த சில மாதங்களில் உடைமைகள் ஏலத்துக்குப் போயின. பிற்பாடு கைமாறிய நோட்டுகளிலிருந்து தாள்களைக் கிழித்து நினைவுப்பொருளாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியையும், தைத்த துளைகளையும், எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய மைக்கறையையும் பொருத்திப் பார்த்துத்தான் பல நோட்டுகளின் பழைய வரிசையை மீட்டார்கள். ஒரு மெட்டு எந்த மெட்டுக்குப் பக்கத்தில் பிறந்தது, எது நடுவில் கைவிடப்பட்டது என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

அதனால் குடும்பத்தார் ஆசையாக "அடுக்கிக் கொடுத்த" பெட்டியைவிட, அள்ளிப்போட்ட பெட்டி எனக்கு மேல். படைப்பின் பெயர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் புதுக் கோப்பில் போட்டுத் தருவார்கள். பார்வைக்கு அழகு. ஆனால் ஒரே வாரத்தில் அவர் மூன்று வேலைகளுக்கு நடுவில் அல்லாடியது அதோடு அழிந்துவிடும்.

"இந்தக் கிறுக்கலையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்பவர்களிடம், இசைத்தாள் வாங்கிய ரசீது இருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குகிறேன். தேதியில்லாத வரைவுக்குத் தேதி சொல்ல, சில நேரம் அது ஒன்றுதான் கிடைக்கும்.