ஆடிக்காற்றும் என் எக்ஸெல் வண்டியும்

வைகாசி கடைசியில் மேலைக்காற்று இறங்கியதும் பல்லடத்துப் பக்கம் இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகிற எல்லோருடைய கணக்கும் மாறிவிடும். அதுவரை முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை வரை வந்த பெட்ரோல் வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிடும். அவிநாசிபாளையத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து பல்லடத்தை ஒட்டிய ஒரு தறிக்கூடத்துக்குக் கணக்கு எழுதப் போகிறேன். ஒரு நடைக்கு 20 கிலோமீட்டர். காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்புவதால், ஆவணி முடியும் வரை காலைப்பயணம் முழுவதும் எதிர்க்காற்றில்தான்.

என்னிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸெல் 100. 2018-இல் வாங்கியது. அதற்கு முன் அப்பாவின் எக்ஸெல் சூப்பரை ஓட்டினேன். அது பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக் வண்டி. பாலுக்கும் புண்ணாக்குக்கும் பருத்திக்கொட்டைக்கும் தேங்காய் மூட்டைக்கும் அதைவிட்டால் எங்கள் வீட்டில் வேறு வாகனம் இருந்ததில்லை. இருவர் அமர்ந்து போகக்கூடிய டிவிஎஸ் 50 வெளிவந்தது 1980-இல். அந்த வழியில் வந்தவைதான் இவையெல்லாம். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை, பின் இருக்கையைக் கழற்றினால் அங்கே இன்னொரு மூட்டை என்று உழவர் வீட்டு வேலைக்கென்றே அமைந்த வண்டி இது. எக்ஸெல் 100 வந்தது 2015-இல். எஞ்சின் 99.7 சிசி, சக்தி நான்கு குதிரைத் திறனுக்குச் சற்று மேல், தொட்டி 4 லிட்டர். கியர் கிடையாது. காற்றைப் பற்றி எழுதும்போது இந்தக் கடைசிச் செய்தி மிகவும் முக்கியமானது.

கியர் உள்ள வண்டியில் எதிர்க்காற்று பலமானால் ஒரு கியரைக் குறைத்து எஞ்சினின் சுழற்சியைக் கூட்டிக்கொள்ளலாம். எக்ஸெல்லில் அந்த வழி இல்லை. எஞ்சின் சுழலும் வேகத்துக்கேற்ப விரிந்து பிடிக்கிற தானியங்கி கிளட்சும் மாறாத ஒரே பல் சக்கர விகிதமும்தான் அதற்கு இருக்கின்றன. காற்று தடுத்தால் வண்டி மெதுவாகும், எஞ்சினும் அதனுடன் சேர்ந்து மெதுவாகும். அந்த நிலையில் ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் வேகம் கூடுவதில்லை, பெட்ரோல் மட்டுமே செலவாகிறது. இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஊர் மெக்கானிக். ஆடி மாதத்தில் வண்டி இழுக்கவில்லை என்று அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. காத்துக்கு எதுக்கால முறுக்கி என்னங்க பண்றது? முப்பத்தஞ்சுலயே போங்க" என்றார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் சொன்னதன் நியாயத்தைப் பின்னர் ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். காற்றின் தடை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்கிறது. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது இருக்கும் தடையை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதே வேகத்தில் போவதற்கு அந்தத் தடை இரண்டேகால் மடங்காகிவிடுகிறது. மாலையில் திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறது. அப்போது தடை கால் பங்காகக் குறைகிறது. போகவரச் சேர்த்துப் பார்த்தால், காற்றில்லாத நாளில் இரண்டாக இருந்தது இரண்டரையாகிறது. காலையில் பிடுங்கிக்கொண்ட அளவைக் காற்று மாலையில் திருப்பித் தருவதில்லை. வேகத்தைக் குறைத்தால் இந்த இழப்பு குறையும், மெக்கானிக் சொன்ன முப்பத்தைந்துக்கு அதுதான் பொருள். மாசியில் லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தருகிற என் வண்டி ஆடியில் 52 தான் தருகிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் இரண்டரை லிட்டருக்கு மேல் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. லிட்டர் விலை 100 ரூபாயைத் தாண்டிய பிறகு, மாதச் சம்பளக்காரனால் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

காற்றைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மழையைப் பெரும்பாலும் மலைக்கு அந்தப்புறமே இறக்கிவிட்டு, அந்த வாசல் வழியாகத் திரண்டு எங்கள் மேட்டாங்காடுகளின் மேல் பாய்கிறது. கேத்தனூர், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். சாலையில் போகும்போது அந்த இறக்கைகளைப் பார்த்தே நாளின் போக்கை அறிந்துகொள்ளப் பழகிவிட்டேன். விடியற்காலையில் அவை மெதுவாகச் சுற்றும். வெயில் ஏற ஏற வேகம் பிடிக்கும். ஆகவே ஆனி பிறந்ததும் ஏழரைக்குப் பதிலாக ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

காற்றுக் காலத்தில் பராமரிப்பும் சற்றே வேறுபடும். செயின் வெளியே தெரியும்படி இருக்கிற வண்டி இது. செம்மண் புழுதி பறக்கும் மாதங்களில் ஆயிலைத் தாராளமாக விட்டால் புழுதி அதில் ஒட்டிச் சாந்தாகி, பல் சக்கரத்தைத் தேய்த்துவிடும். பழைய துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்சமாக ஆயில் விட்டு, மிகுந்ததை மறுபடி துடைத்துவிட வேண்டும். ஒருமுறை வெளியூர்ப் பணிமனை ஒன்றில் செயினை விறைப்பாக இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஆள் ஏறி அமர்ந்ததும் அது இன்னும் இறுகி, கைப்பிடி வரை ஓர் அதிர்வு வந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து செயினை விரலால் தூக்கிப் பார்க்காமல் எந்தப் பணிமனையிலிருந்தும் வண்டியை எடுப்பதில்லை.

ஏர் ஃபில்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மைலேஜ் திடீரென்று இறங்கியபோது, காற்றின் வேலைதான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே புழுதி குறைவாகத்தான் இருந்தது. அதன் மேல் வெள்ளையாக, மெல்லிய பஞ்சு, கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. நகத்தால் ஓர் ஓரத்தைத் தூக்கியதும் முழுதாக உரிந்து வந்தது. தறிக்கூடத்துச் சுவரோரம், காற்றுப்போக்கி விசிறி வாயில் ஆறு மாதமாக வண்டியை நிறுத்தியதன் விளைவு அது. விசைத்தறிப் பகுதிகளில் வேலை செய்கிறவர்கள் வண்டி நிறுத்தும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது கேட்டுக்கு வெளியே வேம்படியில் நிறுத்துகிறேன்.

எதிர்க்காற்றை விடவும் பக்கக்காற்றுக்கே பயப்பட வேண்டும் என்பதை விழுந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். தறிக்கூடம் நெடுஞ்சாலைக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மாலையில் தெற்கு நோக்கி அந்தச் சாலையில் வரும்போது காற்று வலப்புறமிருந்து அடிக்கும். அக்கா மகள் பள்ளிக் கண்காட்சிக்கு வேண்டுமென்று கேட்டிருந்ததால், நூல் தீர்ந்த காலிக் காகிதக் கோன்களை ஒரு பெரிய சாக்கு நிறையக் கட்டிப் பின்னால் ஏற்றியிருந்தேன். ஐந்து கிலோகூட இருக்காது. ஐம்பது கிலோ புண்ணாக்கு மூட்டையுடன் எத்தனையோ முறை வந்திருக்கிறேன் என்ற தைரியம் எனக்கு. ஒரு கட்டடத்தின் மறைவு முடிந்து வெட்டவெளி தொடங்கிய இடத்தில் காற்று அந்தச் சாக்கைப் பாய்மரம்போல் பிடித்துக்கொண்டது. வண்டி அப்படியே இடப்புறம் நகர்ந்து, தார் விளிம்பிலிருந்து சரளையில் இறங்கிச் சாய்ந்தது. முழங்கால் சிராய்த்தது; தலைக்கவசத்தின் ஓரம் கீறியது. கோன்கள் காட்டுக்குள் உருண்டோடின. பக்கத்துத் தோட்டத்து அம்மா ஓடிவந்து, "அடி பட்டுருச்சுங்களா கண்ணு?" என்று கேட்டபடி தண்ணீர்ச் செம்பை நீட்டினார். காற்றுக் காலத்தில் சுமையின் எடையைவிட அகலத்தையே பார்க்க வேண்டும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்; அதனால்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன். லாரி நம்மைக் கடந்து முடிக்கிற நொடியிலும் இதுவே நடக்கிறது. கொஞ்ச நேரம் அது காற்றை மறைத்துக் கொடுத்துவிட்டு, விலகியதும் நம்மை வெளியில் விட்டுவிடுகிறது.

விழுந்த பிறகு வழியையும் மாற்றிக்கொண்டேன். நெடுஞ்சாலை அகலமானது, நேரானது. காற்றைத் தடுக்க இருபுறமும் எதுவும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து மேற்கே போக இன்னொரு வழி உண்டு. மாடு மேய விட்டிருக்கும் கொரங்காடுகளுக்கு நடுவே, கிளுவை வேலிக்கும் கிளுவை வேலிக்கும் இடையில் வளைந்து வளைந்து போகும் பழைய இட்டேரி அது; பெரும்பகுதிக்கு இப்போது தார் போட்டிருக்கிறார்கள். மூன்று கிலோமீட்டர் சுற்று. ஆனாலும் ஆடி மாதம் முழுவதும் அதில் போய்ப் பார்த்ததில், பெட்ரோல் செலவு நெடுஞ்சாலையில் போனதைவிடக் கூடவில்லை. நேர்கோட்டில் ஓடாத பாதை என்பதால் ஒவ்வொரு வளைவிலும் ஏதாவதொரு வேலி காற்றுக்குக் குறுக்கே வந்துவிடுகிறது. அடுத்தடுத்த வேலிகளும் வேல மரங்களும் தரையோரக் காற்றின் விசையை முன்பே குறைத்துவிடுகின்றன. கிளுவையின் உச்சிக் கிளைகள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும். கைப்பிடி மட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது. நெடுஞ்சாலையில் தலைக்கவசத்துக்குள் இரைகிற காற்றில் பின்னால் வரும் ஆரன்கூடக் கேட்பதில்லை. இங்கே என் செயினின் ஓசையும், வேலிக்கு அந்தப்புறம் மேய்கிற மாடுகளின் மணியும் கேட்கின்றன. பொங்கலூருக்கு அருகில் இட்டேரி முடிந்து நெடுஞ்சாலையில் ஏறும் முன் வண்டியை ஒருகணம் நிறுத்தி, முன்பக்கத்துப் பையின் கயிற்றை இறுக்கிவிட்டு, தெற்கே இறக்கைகள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்று பார்த்துக்கொண்டு கிளம்புகிறேன்.