எம்.எஸ். இருக்கும்போது நாள் தள்ளிப்போனால்

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். டாக்டர்களிடம் எம்.எஸ். என்பேன், சொந்தக்காரர்களிடம் 'நரம்புக் கோளாறு' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரிக்கிற நோய் அது. வலது கண் மங்கலாகி, கண் டாக்டரிடம் போய், அங்கிருந்து எம்.ஆர்.ஐ., அப்புறம் நியூராலஜிஸ்ட் என்கிற நரம்பு டாக்டர் என்று போய்ச் சேர்ந்தேன். தினம் ஒரு டெரிஃப்ளுனோமைடு மாத்திரை எழுதினார். ஊசி கிடையாது, விலையும் எங்களுக்குத் தாங்கியது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள், இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று நாங்களும் முடிவு செய்திருந்தோம். அதைக் கேட்ட பிறகுதான் டாக்டர் அந்த மாத்திரையையே எழுதினார். கருவுக்கு ஆகவே ஆகாது என்று எச்சரிக்கை போட்ட எம்.எஸ். மருந்துகளில் அதுவும் ஒன்று. ஆணுறை பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தோம். இருந்தும் ஒரு செப்டம்பரில் நாள் தள்ளிப்போனது.

சோர்வு எனக்குப் புதிதில்லை. எம்.எஸ். சோர்வு தூங்கி எழுந்தாலும் போகாது. அடிக்கடி சிறுநீர் போவதும் பழகிப்போன விஷயம்தான். அதனால் மசக்கையின் அடையாளம் எதுவும் எனக்கு அடையாளமாகவே தெரியவில்லை. காபி வாசனை குமட்டிய அன்றைக்குத்தான் சந்தேகம் வந்து மருந்துக்கடையில் கிட் வாங்கினேன். இரண்டு கோடு.

திருச்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மகப்பேறு மருத்துவமனையில் முதலில் காட்டினேன். டாக்டரம்மா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த நோயோட எதுக்கும்மா இந்த வேலை? கலைச்சிடலாம். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவர் கையெழுத்து வேணும்" என்றார். கலைப்பதா வேண்டாமா என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. 1971-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். அதற்கு மேல் 24 வாரம் வரை, சில குறிப்பிட்ட நிலைமைகளுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கருத்தடை தவறிப்போனதே ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது, கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்ற பேச்சே இல்லை. அதாவது முடிவெடுக்க எனக்கு நேரம் இருந்தது. அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

அவசரம் வேறு இடத்தில் இருந்தது. நியூராலஜிஸ்டைக் கூப்பிட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா மாத்திரை எப்போ போட்டீங்க?" என்பதுதான். "இன்னைக்கே நிறுத்துங்க. வச்சுக்கிறதா வேண்டாமாங்கிறதை அப்புறம் யோசிங்க. மருந்தை உடம்பிலிருந்து வெளியே எடுக்கிற வேலை எப்படியும் இருக்கு" என்றார்.

டெரிஃப்ளுனோமைடு, நிறுத்தினால் போய்விடுகிற மருந்து இல்லை. கல்லீரலிலிருந்து பித்தத்தோடு குடலுக்கு வந்து, குடலிலிருந்து திரும்பவும் ரத்தத்துக்குப் போகும். இப்படியே சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு இரண்டு வருஷம் வரைகூட. அந்தச் சுற்றைக் குடலில் மறித்து வெளியே தள்ளுவதற்குத்தான் கொலெஸ்டிரமின் என்ற தூள். வேளைக்கு 8 கிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, 11 நாள். கொழுப்பைக் குறைக்கிற பழைய மருந்து அது. எங்கள் தெருக் கடையில் கிடைக்கவில்லை, மொத்த விற்பனைக் கடையில் சொல்லி வரவழைத்தோம். பச்சைக் கடலைமாவைக் கரைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கும், அதுவும் மசக்கை வாயில். சாத்துக்குடிச் சாற்றில் கலந்தால் ஓரளவு இறங்கியது. வயிறு உப்பி மலச்சிக்கலும் வந்தது. ஒன்று முக்கியம்: இந்தத் தூள் குடலில் இருக்கிற மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, நாலைந்து மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். மகப்பேறு டாக்டர் ஃபோலிக் எழுதுவார், நியூராலஜிஸ்ட் தூள் எழுதுவார், இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் நாம்தான். பிறகு ரத்தத்தில் மருந்தின் அளவு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே போய்விட்டதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 14 நாள். வெளியூர் லேபுக்கு ரத்தம் போய் முடிவு வருவதற்குள் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டேன்.

வீட்டில் இரண்டு கட்சி. அம்மா, "வந்ததை வேண்டாம்னு சொல்லாதேடி" என்றாள். மாமியார், "உனக்கு ஒரு நாள் கால் நடக்குது, ஒரு நாள் நடக்கலை. பிள்ளை வந்தா ராத்திரி யார் தூக்குவா?" என்றார். அன்றைக்கு அத்தை மேல் கோபம் வந்தது. ஆனால் அத்தனை பேர் பேசியதிலும் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

நியூராலஜிஸ்டிடம் நானும் இவரும் சேர்ந்து போனோம். குழந்தைக்குக் குறை வருமா? எலியிலும் முயலிலும் இந்த மருந்து குறையை உண்டாக்கியிருக்கிறது, அதனால்தான் அந்தக் கடுமையான எச்சரிக்கை. மனிதர்களில் இதுவரை பதிவான பிறப்புகளில் மற்ற குழந்தைகளைவிட அதிகமாகக் குறை தெரியவில்லை, ஆனால் அந்த எண்ணிக்கை சிறியது என்றார். பிள்ளைக்கும் எம்.எஸ். வருமா? பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் 100-இல் 2, 3 பேருக்கு வரலாம். பிரசவம் என் நோயைக் கூட்டுமா? இதற்கு மட்டும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு வரைந்தார். ஐரோப்பாவில் 12 நாடுகளில் எம்.எஸ். உள்ள 254 பெண்களைக் கவனித்து 1998-இல் வெளியான ஆய்வு அது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் நோய் கிளம்புவது, அதாவது கண் மங்குவது, கால் மரப்பது என்று புதிதாக ஒன்று வருவது, கர்ப்பத்துக்கு முன்னைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதத்தில் சட்டென்று ஏறுகிறது. அப்புறம் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. ஏறுகிறது என்றாலும், அந்த மூன்று மாதத்திலும் பத்தில் ஏழு பேருக்கு ஒன்றும் வரவில்லை.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. எல்லாரும் பத்து மாதத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள். பயப்பட வேண்டியதும் ஏற்பாடு செய்ய வேண்டியதும் அதற்குப் பின்னால் இருந்தது. அத்தை கேட்டதும் அதைத்தானே? ராத்திரி யார் தூக்குவது என்பதற்கு எங்களிடம் ஒரு பதில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று இவரிடம் சொன்னேன். இவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, ராத்திரி தன் பொறுப்பு என்றார். கலைப்பது தவறு என்று சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. அந்தப் பதில் வந்திருக்காவிட்டால் நானும் கலைத்திருப்பேன்.

வேறு மகப்பேறு டாக்டரைத் தேடிக்கொண்டோம். எம்.எஸ். நோயாளிக்குப் பிரசவம் பார்த்த அனுபவம் அவருக்கும் இல்லை. ஆனால் "உங்க நியூரோ டாக்டர் நம்பர் கொடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார், அது போதுமாக இருந்தது. பிக்மி என்கிற அரசாங்கக் கர்ப்பப் பதிவு, இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி எல்லாம் எல்லாக் கர்ப்பிணிக்கும் போலத்தான். பிக்மி எண்ணைத் தள்ளிப்போடாதீர்கள், பிறப்புச் சான்றிதழுக்கே அது வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் உறுப்பு உறுப்பாகப் பார்த்துவிட்டு "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் அறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆறாம் மாதம் ஒரு பயம் காட்டியது. இரண்டு காலும் திடீரென்று கனத்துப்போய் மாடிப்படி ஏற முடியவில்லை. நோய்தான் கிளம்பிவிட்டது என்று பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். டாக்டர் முதலில் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். கிருமித் தொற்று. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக் போட்டு அது அடங்கியதும் காலும் சரியாகிவிட்டது. காய்ச்சலோ தொற்றோ வந்தால் நரம்பில் நோய் விட்டுப்போன பழைய தழும்புகள் இப்படிப் பேசும், புதிதாக நரம்பு அடிபட்டதாக அர்த்தமில்லை. நோய் கிளம்பினால் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றுவதற்கு முன்னால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

லீவையும் அந்தக் கோட்டை வைத்தே திட்டமிட்டேன். முதல் இரண்டு பிள்ளைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். கடைசி மாதங்களில் உடம்பு நன்றாக இருந்ததால் முடிந்தவரை வேலைக்குப் போய், லீவைப் பின்னால் வைத்துக்கொண்டேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆபீஸ் வருவதைப் பார்த்து, பணத்தாசை என்று பேசியவர்களும் உண்டு. பேசட்டும்.

பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்தே இருந்ததால் சிசேரியன். "நரம்புக் கோளாறு இருந்தா அப்படித்தான்" என்று சொந்தத்தில் பேச்சு. எம்.எஸ்.ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, எம்.எஸ். இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்வதும் இல்லை. மயக்க மருந்து டாக்டர்தான் முதுகுத்தண்டில் ஊசி போடத் தயங்கினார். முதுகில் போடும் ஊசியால் நோய் கூடுவதாகத் தெரியவில்லை என்று நியூராலஜிஸ்ட் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை முன்கூட்டியே வாங்கி ஃபைலில் வைத்திருந்ததால் ஆபரேஷன் மேஜையில் வாக்குவாதம் நடக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டையும் அப்போதே செய்துகொண்டேன்.

பிறந்தது மே மாதம், கத்திரி வெயில். சித்திரையில் பிறந்த பிள்ளை என்று ஒரு பக்கம் முணுமுணுப்பு. என் கவலை வேறு. எம்.எஸ். உடம்புக்குச் சூடு ஆகாது. உடம்பின் வெப்பம் கொஞ்சம் ஏறினாலே எனக்குக் கண் மங்கும், கால் பின்னும். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன செய்வார்கள்? ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, காதில் பஞ்சு வைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை இடுப்பில் அடித்து ஊற்றுவார்கள்.

அம்மாவோடு நடந்த சண்டை அந்தப் பத்து மாதத்தைவிடப் பெரிது. "வெந்நி ஊத்தாம விட்டா உடம்பு ஊதிடும்டி, வயசான காலத்துல இடுப்பு வலிக்கும், அப்ப என்னைத் திட்டுவ" என்று அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். விளக்கிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் தையல் ஆறியதும் ஒரு முறை அவள் இஷ்டப்படியே ஊற்றச் சொன்னேன், பாதிச் சூட்டில். குளித்து எழுந்தபோது வாசற்படி இரண்டாகத் தெரிந்தது, நடக்க முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு ஆறியதும் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், ஃபேன் ஓடலாம், மதியத்தில் ஏ.சி.யும் போடலாம் என்று இறங்கிவந்தாள். பதிலுக்கு லேகியத்தையும் பூண்டுக் குழம்பையும் நான் மறுக்கக் கூடாது. அவை எனக்குப் பிடிக்கும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ராத்திரி ஏற்பாடு சொன்னபடி நடந்தது. படுப்பதற்கு முன் பால் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், நடுராத்திரிப் பாலை இவர் கொடுப்பார். எனக்குத் தொடர்ந்து சில மணி நேரத் தூக்கம் கிடைத்தது. தாய்ப்பால் மட்டும் கொடுப்பவர்களுக்கு நோய் கிளம்புவது குறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள், அதனால் பவுடர் பால் பக்கம் போகவில்லை.

இவ்வளவு செய்தும் ஜூலையில் இடது காலிலிருந்து இடுப்பு வரை மரத்துப்போனது. இந்த முறை சிறுநீரில் ஒன்றுமில்லை, நிஜமாகவே நோய்தான். பத்தில் மூன்று பேரில் ஒருத்தி நான். மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் ஒரு கிராம், மூன்று நாள் டிரிப்ஸில் ஏற்றினார்கள். பாலை நிறுத்த வேண்டும் என்று வார்டு நர்ஸ் சொன்னார். வேண்டாம், ஏற்றி முடித்து நாலு மணி நேரம் கழித்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். எடுத்து வைத்த பால் அந்த இடைவெளிக்குச் சரியாக உதவியது. மரப்பு மெதுவாக இறங்கியது, சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அதோடு கிளாடிராமர் என்ற எம்.எஸ். ஊசி ஆரம்பித்தாயிற்று. பால் கொடுக்கும்போதும் போட்டுக்கொள்ளலாம், வாரம் மூன்று ஊசி, நானே வயிற்றிலும் தொடையிலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறேன். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதால் கரண்ட் போனால் மட்டும் வீட்டில் ஒரு பரபரப்பு. பிள்ளை பால் மறந்ததும் வேறு மருந்துக்கு மாறலாம் என்கிறார் டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றுகிற ரிடுக்சிமாப், இல்லாவிட்டால் பழைய மாத்திரையே. குடும்பக் கட்டுப்பாடு ஆகிவிட்டதால் இனி அதற்குத் தடையில்லை. பார்க்கலாம், அடுத்த எம்.ஆர்.ஐ. தையில்.