துடுப்பு போட்டு ஊர் பார்ப்பது

சிகாகோவைக் கயாக்கில் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) அமர்ந்து பார்த்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பலரும் கேட்டீர்கள். ஒரு பெருநகரை அறிய அதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன். தண்ணீரோடு தண்ணீராக உட்கார்ந்திருக்கிறோம். இரு பக்கமும் வானளாவிய கட்டடங்கள், தலைக்கு மேல் இரும்புப் பாலங்கள். பெரிய படகுகள் வருவதால் வலது கரையை ஒட்டியே போக வேண்டும். அந்த ஆறு ஒரு காலத்தில் நகரத்தின் கழிவை மிச்சிகன் ஏரியில் கொண்டுபோய்க் கொட்டியது. குடிநீரும் அதே ஏரிதான். அதனால் கால்வாய் வெட்டி, 1900-இல் ஆற்றின் போக்கையே திருப்பி விட்டார்கள்!

அங்கே இருந்தபோது எனக்கு நம் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய் ஞாபகம்தான். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகில் இணைக்க 1860-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய வேலை. முழுதாக முடியவில்லை. தேங்காப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு பக்கம் வெட்டிய பகுதியும் இன்று பல இடங்களில் தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது. மக்கா, இது கட்டுமரத்தில் நின்றே கடலை அளந்த ஊர்!

சரி, குழித்துறை ஆறு மட்டுமாவது இருக்கிறதே. தேங்காப்பட்டணத்திலிருந்து கயாக்கில் ஆற்றை எதிர்த்து மேலே போகலாம். கடற்காற்று எழும்புமுன், விடியற்காலையிலேயே இறங்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஆறு கடலில் சேரும் பொழிமுகம் பக்கம் மட்டும் போகவே கூடாது, மழைக்காலத்தில் ஆற்றிலேயே வேண்டாம். வர விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.