‘அ’ எழுதாத எட்டு மாதங்கள்

மூன்று வயது முடிவதற்குள் என் மகன் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, நின்றும்விட்டான். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தனியார் நர்சரியில் ஜூன் மாதம் சேர்த்தோம். முதல் வாரமே நான்கு கோடு நோட்டு வாங்கச் சொன்னார்கள். ஜூலையில் ஒன்று முதல் இருபது வரை எழுதிவர வீட்டுப்பாடம். பென்சில் பிடிக்கத் தெரியாத விரல்களை என் கைக்குள் வைத்து நான்தான் எழுதினேன். அந்த நோட்டில் இருப்பது முழுக்க என் கையெழுத்து. ஆகஸ்டில் சீருடையைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். போகட்டும் என்று நிறுத்திவிட்டேன்.

அடுத்த தெரு அங்கன்வாடியில் சேர்க்கப்போகிறேன் என்றதும் அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. “பால்வாடியில் சோறு போடுவார்கள், தூங்க வைப்பார்கள். படிப்பு எங்கேயம்மா இருக்கிறது?” என்றார். இத்தனைக்கும் அவர் மகனே, அதாவது என் கணவரே, பால்வாடியில் சாப்பிட்டு வளர்ந்தவர்தான். 1975 அக்டோபர் 2 அன்று, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. ஆனால் ஊர் மனதில் தங்கியது சோறும் சத்துமாவும்தான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அத்தைக்கு இருந்த சந்தேகமேதான்.

சேர்ப்பதில் சிரமமே இல்லை. ஆதார், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை கொண்டுபோனேன். டீச்சர் எடை பார்த்து, உயரம் அளந்து, கைப்பேசியில் பதிந்துகொண்டார். கட்டணம் கிடையாது.

சிரமம் மறுநாள் ஆரம்பித்தது. வாசல்படியிலேயே என் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “விட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். உள்ளே வந்து உட்காருங்கள். ஆனால் அவனோடு விளையாடாதீர்கள், சும்மா இருங்கள்” என்றார் டீச்சர். சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று நாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் அவனிடம் சொல்லிக்கொண்டு கால் மணி நேரம் வெளியே போய் வந்தேன். அழுதான். அடுத்த வாரம் ஒரு மணி நேரம். இரண்டாவது வாரக் கடைசியில், ஆயாம்மா முட்டை உரிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டே எனக்குக் கையாட்டினான். வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு. அந்த மூன்று நாளும் அவன் எனக்கு முன்னால் கிளம்பிவிடுவான்.

சுவரோரம் உட்கார்ந்த நாட்களில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை, ஒரு பை நிறையப் பாட்டில் மூடிகள். ஒரு பெண் குழந்தை மூடிகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டை வைத்துக்கொண்டே போனாள். பந்தி பரிமாறுகிறாளாம். கையிலிருந்த கொட்டை தீர்ந்தபோது ஒரு மூடி காலியாக இருந்தது. “ஆயாம்மாவுக்கு இல்லை” என்று எழுந்துபோய் டப்பாவிலிருந்து ஒன்றே ஒன்று எடுத்து வந்து வைத்தாள். என் மகன் நோட்டில் இருபது வரை ‘எழுதியிருக்கிறான்’. ஆனால் ஒன்று குறைகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். பிள்ளைகள் கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்ற கவலையும் கூடவே வந்தது. டீச்சர் பக்கத்தைவிட்டு நகரவில்லை; முடிந்ததும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒவ்வொன்றாக எண்ணித்தான் டப்பாவில் போட்டார். அந்த எண்ணிக்கையும் அவர்களுக்கு விளையாட்டுதான்.

அரசின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பெயர். மாதத்துக்கு ஒரு தலைப்பு. காய்கறி மாதத்தில் வீட்டுக்கு ஒரு காய் கொண்டுவரச் சொன்னார்கள். நான் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினேன். அதைத் தொட்டு, முகர்ந்து, வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சுக் குத்திவிட்டு வந்தான். சட்டையிலும் குத்தியிருந்தான், இன்றுவரை போகவில்லை.

அக்டோபரில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: “எப்போது எழுத வைப்பீர்கள்?” டீச்சர் பதில் சொல்லாமல் ஒரு உருண்டை களிமண்ணை என் கையில் கொடுத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்துச் சிறு சிறு மணியாக உருட்டச் சொன்னார். பத்து மணி உருட்டுவதற்குள் எனக்கே விரல் கடுத்தது. “இந்தப் பலம் வந்தால் பென்சில் தானாக நிற்கும்” என்றார்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். டீச்சருக்குப் பிள்ளைகளைப் பார்க்கும் நேரத்தைவிடக் கைப்பேசியில் விவரம் ஏற்றும் நேரம் அதிகமோ என்று பல நாள் தோன்றியிருக்கிறது. வாக்காளர் பட்டியல் வேலை வந்துவிட்டால் ஆயாம்மா தனியாகத்தான் சமாளிப்பார். அன்றைக்கு அத்தை சொன்னதுபோலச் சோறும் தூக்கமும் மட்டுமே. மழைக்கு ஒரு மூலை ஒழுகும். நடுவில் மூன்று நாள் டீச்சர் பயிற்சிக்குப் போனார். ‘போஷன் பி, படாய் பி’ என்று பெயராம், ‘ஊட்டச்சத்தும், படிப்பும்’ என்று பொருள். எனக்குச் சொல்லிப் பழகவே இரண்டு நாள் ஆனது. தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பருவக் கல்விக்கு என்று அதில் சொன்னார்களாம். அந்த இரண்டு மணி நேரத்தை அவருக்கு யார் ஒழித்துக் கொடுப்பார்கள் என்று சொன்னதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன.

இப்போது ஏப்ரல். போன வாரம் வாசலில் கோலப்பொடியை எடுத்து என்னவோ வரைந்துகொண்டிருந்தான். ஒரு சுழி, அதிலிருந்து ஒரு வளைவு, பக்கத்தில் ஒரு நேர்கோடு. அத்தை ஆவலோடு குனிந்து, “என்னடா சாமி, ‘அ’ எழுதியிருக்கிறாயா?” என்று கேட்டார்.

“இல்லை பாட்டி. ஆயாம்மாவுடைய அடுப்பு. நீ மிதிக்காதே, சுடும்.”

அத்தை காலை எடுத்துக்கொண்டார்.